அப்பாவுக்குக் குடும்ப டாக்டர்: புளோக் கீழேயா, தேக்காவிலா?

உட்லண்ட்ஸ்_மகள்: அப்பாவுக்கு 71. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. சிங்கப்பூர் அரசாங்கத்தின் குடும்ப டாக்டர் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் ஒரு மருந்தகத்தைத்தான் (கிளினிக்) தேர்ந்தெடுக்க முடியும். எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே ஒரு சீன டாக்டர், லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஒரு தமிழ் டாக்டர். அப்பாவுக்குத் தமிழ்தான் வரும். எதில் பதியலாம்?

செங்காங்_குமார்: கீழேயே பதியுங்கள். நியூட்டனில் ரயில் மாறி எத்தனை தடவைதான் தேக்காவுக்குப் போவார்? அப்புறம் "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். ராத்திரி காய்ச்சல் அடித்தால் கைலியோடு இறங்கிப் போகிற இடம்தான் குடும்ப டாக்டர்.

மீனா_ஈசூன்: காய்ச்சலுக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம் குமார். இது ஆயுசுக்கும் உள்ள வியாதி. என் மாமனார் டாக்டர் சொன்னதற்கெல்லாம் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு வருவார். சாப்பாட்டோடு போட வேண்டிய இனிப்பு நீர் மாத்திரை மெட்ஃபார்மினை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டு, குமட்டுகிறது என்று பாதி நாள் நிறுத்தியும் இருக்கிறார். தமிழ் டாக்டர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

செங்காங்_குமார்: அதற்குத்தான் மகள் இருக்கிறாரே, கூடப் போய்ச் சொல்லலாமே?

மீனா_ஈசூன்: மகளை வைத்துக்கொண்டு மூத்திரக் கோளாறை எந்த அப்பா வாய் திறந்து சொல்வார்? இனிப்பு நீர்க்காரர்கள் மறைப்பதே அதைத்தான்.

பழைய_தாதி: அரசாங்கப் பலதுறை மருந்தகத்தையும் (பாலிகிளினிக்) யோசியுங்கள், அங்கேயும் பதியலாம். தமிழ் தெரிந்த தாதியர் பலர் இருக்கிறார்கள். மருந்தும் மலிவு.

செங்காங்_குமார்: அக்கா, விலை இப்போது பெரிய வித்தியாசமில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து அரசாங்க மருத்துவ மானியம் தரும் சாஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை மூத்தவர்களுக்கும் பட்டியலில் உள்ள நாட்பட்ட நோய் மருந்துகள், பதிந்த தனியார் மருந்தகத்திலும் அந்த விலையை ஒட்டியே கிடைக்கின்றன. மீனா சொன்ன மூத்திர விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருஷம் ஒரே முகத்தைப் பார்க்கிற டாக்டருக்கு, இவர் நடந்து வருகிற விதத்திலேயே பாதி புரிந்துவிடும். அதற்கு அடிக்கடி போக வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும்.

மீனா_ஈசூன்: ஒரே முகம் என்று யார் உத்தரவாதம் தருவார்? சில மருந்தகங்களில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தங்கச்சி, பதியும் முன் இரண்டு இடத்துக்கும் போன் போட்டு, எந்தெந்த நாள் எந்த டாக்டர் என்று கேளுங்கள். பதிந்த பிறகு டாக்டரோடு உட்கார்ந்து பேசும் முதல் சுகாதாரத் திட்ட ஆலோசனை இலவசம். அன்றைக்கு அப்பாவைத் தனியாக உள்ளே அனுப்புங்கள்.

உட்லண்ட்ஸ்_மகள்: தேக்காவுக்குக் கேட்டுவிட்டேன் அக்கா, வார நாள் முழுக்க அதே டாக்டர்தானாம். கீழே நாளைக்குக் கேட்கிறேன்.

செங்காங்_குமார்: கீழே இருக்கும் தாதிக்குத் தமிழ் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியும் என்றால் தேக்கா வேண்டாம்.