வருமான வரி ரீஃபண்ட் ரூ.56,160 வரவே இல்ல, 'தோல்வி'ன்னு காட்டுது. என்ன செய்யணும்?

மணல்காற்று:
வணக்கம். 2022-லேர்ந்து ஷார்ஜாவில வேலை. ஊர்ல பேங்க்ல எஃப்.டி. இருக்கு. கேஒய்சிக்கு விசா நகல் கொடுத்ததும் கணக்கை என்.ஆர்.ஓ.வா (வெளிநாட்டுல இருக்கறவங்களோட இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாத்திட்டாங்க. 2024-25ல வட்டி ரூ.1,80,000, அதுல 31.2 சதவீதம் டி.டி.எஸ். (பேங்க்லயே முன்கூட்டிப் பிடிக்கிற வரி) போச்சு. இந்தியாவில வேற வருமானம் கிடையாது. ஐ.டி.ஆர்-2 ரிட்டர்ன் போட்டு, ரீஃபண்ட் உண்டுன்னு உத்தரவும் வந்தது. ஆனா பணம் ஏறல. சம்பளத்தைக் காட்டாததுதான் காரணமா?

பனங்காடு:
வரி பிடிக்க வேண்டாம்னு 15ஜி படிவம் கொடுத்திருந்தா பிடிச்சிருக்கவே மாட்டாங்களே தம்பி?

கணக்குப்புலி:
இல்லண்ணா, 15ஜி, 15எச் ரெண்டும் இந்தியாவில குடியிருக்கறவங்களுக்கு மட்டும். வெளிநாட்டுல இருக்கிறவர் கொடுத்தா தப்பான உறுதிமொழி ஆயிடும்.
தம்பி, சம்பளம் பிரச்சினை இல்ல. அந்த வருஷம் எத்தனை நாள் ஊர்ல இருந்தீங்க? 182 நாளுக்குக் கீழன்னா, உங்க இந்திய வருமானம் கம்மிங்கறதால நீங்க என்.ஆர்.ஐ.தான், அங்க வேலை செஞ்சு அங்கயே வாங்கின சம்பளத்துக்கு இங்க வரி இல்ல. வட்டி, வரி இல்லாத ரூ.2.5 லட்சத்துக்குள்ள இருக்கறதால பிடிச்சது முழுசா திரும்பணும். எந்தக் கணக்கைக் கொடுத்தீங்க?

மணல்காற்று:
மொத்தம் 38 நாள்தான். கொடுத்தது பழைய சேவிங்ஸ் கணக்கு. முன்னாடியே வருமான வரி போர்ட்டல்ல சரிபார்த்து வச்சிருந்ததுதான்.

கணக்குப்புலி:
மாட்டிக்கிட்டது அங்கதான். கணக்கை மாத்தினப்ப எண்ணும் மாறியிருக்கான்னு பாருங்க. எனக்கு மாறிச்சு. புதுக் கணக்கைச் சேர்க்கும்போது வகைல என்.ஆர்.ஓ.ன்னு தேர்ந்தெடுங்க, சேவிங்ஸ்னு விட்டுடாதீங்க. சரிபார்ப்பு முடிஞ்ச பிறகு 'ரீஃபண்ட் மறுவழங்கல்' கோரிக்கை கொடுங்க. புதுசா ரிட்டர்ன் போட வேண்டாம்.

மணல்காற்று:
எண் மாறித்தான் இருக்கு! சேர்த்தேன், 'பெயர் பொருந்தவில்லை'ன்னு தள்ளிடுச்சு. பான்ல அப்பா பேர் முழுசா இருக்கு, பாஸ்புக்ல வெறும் இனிஷியல்.

பனங்காடு:
நம்ம ஊர் இனிஷியல் செய்யற வேலை! என் பாஸ்போர்ட்ல கூட இதே கூத்து. பேங்க்ல பான் நகல் கொடுத்து பேரை அதுபடி மாத்தச் சொல்லுங்க. பானைத் திருத்தப் போனா பாஸ்போர்ட், விசான்னு நூல் பிடிச்சு இழுக்கும்.

மணல்காற்று (மூணு வாரம் கழிச்சு):
பேர் மாத்தி கணக்கு சரியாச்சு. மறுவழங்கலுக்கு ஓ.டி.பி. கேட்டுது, ஆதார்ல அம்மா நம்பர். ராத்திரி போன்ல கூப்பிட்டு ஆறு இலக்கம் சொல்லும்மான்னா, கேஸ் சிலிண்டர் மெசேஜை வாசிக்கிறாங்க! 15 நிமிஷத்துக்குள்ள எப்படியோ முடிச்சோம். நேத்து ரூ.56,160 ஏறிடுச்சு. கொஞ்சம் வட்டியும் சேர்ந்து வந்திருக்கு. நன்றிண்ணா. அடுத்த வருஷமும் 31.2 பிடிப்பாங்களா?

கணக்குப்புலி:
பிடிப்பாங்க. அமீரகத்துல வரிக்கான குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, அதுக்கான படிவத்தோட பேங்க்ல கொடுத்தா ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தப்படி 12.5 சதவீதம்தான். இந்த வட்டிக்கு அந்த அலைச்சல் தேவையான்னு நீங்களே பாருங்க. நானா இருந்தா இனி அனுப்பற பணத்தை என்.ஆர்.இ. கணக்குல (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான கணக்கு) போடுவேன், அந்த வட்டிக்கு இங்க வரியே இல்ல. அந்த ரீஃபண்டோட வந்த வட்டி இருக்கே, அதை மட்டும் அடுத்த ரிட்டர்ன்ல வருமானமா காட்டிடுங்க.