பிட்சர்: எறிவாளரா, வீசுநரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் சொற்பட்டியலில் 'பிட்சர்' (மட்டையாளருக்குப் பந்தை விடுபவர்) என்பதற்கு நேரே 'எறிவாளர்' என்று இருப்பதைப் பார்த்தேன். எறிபந்து என்று நம் பள்ளிகளில் வேறோர் ஆட்டமே இருக்கிறது. அந்தக் குழப்பம் ஒரு பக்கம் கிடக்கட்டும். என் மறுப்பு வேறு. பழைய பிட்சர் ஒருவரின் கதையிலிருந்து அதைச் சொல்கிறேன்.

ஜிம் கிரெய்ட்டன் (1841–1862) அமெரிக்காவில் புரூக்ளினின் எக்செல்சியர் பேஸ்பால் அணிக்கு ஆடியவர். பணம் வாங்கி ஆடக் கூடாது என்றிருந்த காலத்தில், திரைமறைவில் கூலி பெற்ற முதல் ஆட்டக்காரர் இவர்தான் என்று பலரும் கருதுகிறார்கள். அன்றைய விதிப்படி பந்தை எறிவது தவறு. 45 அடி தொலைவிலிருந்து, கையை விறைப்பாக வைத்து, இடுப்புக்குக் கீழே ஊசலாட்டி விட வேண்டும். அதுவும் மட்டையாளர் அடிக்க வசதியாக! கிட்டத்தட்ட பந்தி பரிமாறுகிற வேலை. கிரெய்ட்டனோ கை ஊசலாடும்போதே மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். கேரம் காயைச் சுண்டுவோமே, அதே சுண்டல். ஆனால் பார்ப்பவர் கண்ணில் படாது. பந்து சீறியது. இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஜான் லில்லிவைட் அதைப் பார்த்துவிட்டு, இது கீழ்க்கையாக எறிவதுதான் என்று சொன்னதாகப் பதிவுண்டு.

ஆக, வழக்கே எறிந்தாரா இல்லையா என்பதுதான். ஆளுக்கே 'எறிவாளர்' என்று பெயர் வைத்துவிட்டு, 'எறிவாளர் எறிந்தது குற்றம்' என்று எப்படி எழுதுவது?

'வீசு' நமக்கு ஆயத்தமாகவே இருக்கிறது. கைவீசி நடக்கிறோம், விசிறி வீசுகிறோம். விசிறியை எறிவது சண்டையில்தான். கையின் ஊசல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'வீசுநர்' என்கிறேன். (ஓட்டுநர் போலத் தந்நகரம், 'வீசுனர்' வேண்டாம்.) 'பந்துவீச்சாளர்' கிரிக்கெட்டுக்கே இருக்கட்டும். கிரெய்ட்டன் கிரிக்கெட்டும் ஆடியவர், அவரைப் பற்றி எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும் தேவைப்படும்.

1884இல் அமெரிக்க பேஸ்பாலின் தேசிய லீக், மேற்கையால் (கையைத் தோளுக்கு மேலே தூக்கி) எறிய அனுமதித்துவிட்டதே என்று கேட்பீர்கள். ஆங்கிலத்திலும் அதற்குப் பிறகு 'பிட்சர்' என்ற பெயரை மாற்றவில்லை.

ஒரு சிக்கலை மட்டும் மறைக்க விரும்பவில்லை. கிரெய்ட்டன் 21 வயதில் இறந்தார். ஓர் ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடிக்கும்போது உட்காயம் பட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதை எழுத உட்கார்ந்தால் 'மட்டையை வீசியபோது' என்றுதான் கை போகிறது. மட்டைக்கு 'சுழற்று' என்று ஒதுக்கிவிடலாமா?