மதிப்பு, வெளிறு, வெளிர்மை: ஒட்டுப்போர்வை வகுப்புக்கு ஒரு சொல்

கோத்தகிரி, தையல் வகுப்பு (திங்கள் காலை)

எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு 'ஒட்டுப்போர்வை' என்பதைப் போன மாதம் இந்தக் குழுவில்தான் முடிவு செய்தோம். இப்போது நிறம் தேர்ந்தெடுக்கும் பாடம். ஒரு நிறம் எவ்வளவு வெளிறியிருக்கிறது, எவ்வளவு இருண்டிருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் 'வேல்யூ' என்கிறார்கள். நான் 'மதிப்பு' என்று எழுதியிருந்தேன்.

நேற்று வகுப்பில், "துண்டுகளை மதிப்புப்படி அடுக்குங்க" என்றேன். ஓர் அக்கா பட்டுப் பாவாடை மிச்சத்தை முதலில் வைத்தார், அடுத்து சுங்குடி, கடைசியில் பழைய வேட்டித் துண்டு. ஏன் என்று கேட்டால், "பட்டுதானே டீச்சர் விலை கூட?" என்றார். அவர் செய்தது சரி. என் சொல்தான் தப்பு.

இதை விட்டுவிட்டும் பாடம் நடத்த முடியாது. 'லாக் கேபின்' என்ற ஒட்டுப்போர்வை வடிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு சிவப்புச் சதுரம், சுற்றிலும் பட்டைகள். இரண்டு பக்கம் வெளிர், இரண்டு பக்கம் இருள். கட்டங்களைச் சேர்த்துத் தைக்கும்போது சாய்சதுரம் எழுந்து வருவது அந்த வேறுபாட்டால்தான். ஒரு மாணவி சிவப்பும் பச்சையும் எடுத்தார். கையில் பார்த்தால் நல்ல எடுப்பு. பன்னிரண்டு கட்டம் தைத்து, சுவரில் தொங்கவிட்டு நாலடி தள்ளி நின்றால் வடிவமே இல்லை. இரண்டும் ஒரே அளவு இருண்ட துணிகள். ஒரு மாத உழைப்பு. அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. உதவுங்கள்.

ஊட்டி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் (திங்கள் மாலை)

அம்மா, புதிதாக ஆக்க வேண்டியதில்லை. சொல் நம்மிடமே இருக்கிறது: வெளிறு. வெள் என்னும் வேரிலிருந்து வெள்ளை, வெள்ளி, வெளிச்சம், வெளிர், வெளிறு எல்லாம் ஒரே குடும்பம். 'வெளிறில் நோன்காழ்' என்று புறநானூறு 23-ஆம் பாட்டே தொடங்குகிறது. வெளிறு இல்லாத வலிய வயிரம், அதாவது யானை கட்டும் தறி. மரத்தின் நடுவில் இருப்பது காழ், இருண்டது, கெட்டி. அதற்கு வெளியே வெளுத்து மென்மையாக இருப்பது வெளிறு. மரம் அறுக்கும் பட்டறையில் போய்ப் பாருங்கள், ஒரே பலகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். வெளிறு, காழ் என்று இணையாகவே வைத்துக்கொள்ளலாம்.

துணிக்கும் இதற்கும் தொலைவில்லை. துணி என்ற சொல்லே துணித்தலிலிருந்து வந்தது. அறுவை என்றாலும் துணிதான், அதுவும் அறுத்தலிலிருந்து. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவர் இருந்தார், துணி வணிகர். வெட்டுவதையே பெயராகக் கொண்ட பொருளை வெட்டித் தைக்கும் வகுப்புக்குக் கடன் சொல் எதற்கு?

குன்னூர், தையல்கடை (திங்கள் இரவு)

ஐயா சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் முப்பது வருடமாகக் கடையில் 'லைட்', 'டார்க்' என்றுதான் சொல்கிறோம். தோட்டத்திலிருந்து வருகிற அம்மாவும் அப்படித்தான் கேட்கிறார். காழ் என்றால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்.

டீச்சர், சொல் எதுவானாலும் இரண்டு விஷயம் கையேட்டில் போடுங்கள். திருப்பூர் பனியன் துண்டு கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்க வேண்டாம். அது இழுபடும், நெய்த துணியோடு சேர்த்தால் மூலை கோணும். இன்னொன்று, கருஞ்சிவப்பையும் கருநீலத்தையும் வெட்டுவதற்கு முன்னால் தனித்தனியாக நனைத்துப் பாருங்கள். சாயம் வெள்ளைப் பட்டையில் இறங்கிவிட்டால் அப்புறம் லைட்டும் இல்லை, டார்க்கும் இல்லை.

குன்னூர், அச்சு வடிவமைப்பு (செவ்வாய்)

அண்ணன் சொன்ன இரண்டையும் கட்டாயம் போட வேண்டும். சொல்லைப் பொறுத்தவரை, சிலர் எனக்குத் தனியாக 'அடர்வு' என்று எழுதியிருந்தார்கள். அது கூடவே கூடாது. 1905-இல் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் நிறத்தை மூன்றாகப் பிரித்து எழுதினார்: எந்த நிறம், எவ்வளவு வெளிர், எவ்வளவு பளிச். இரண்டாவதற்குக் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 10 என்றும் வைத்தார். அடர்வு என்பது மூன்றாவதற்குத்தான் பொருந்தும். மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கிற அடர்மஞ்சள்கூட வெள்ளைக்குப் பக்கத்துப் படியில்தான் நிற்கும். மங்கிப்போன பழைய நீல ஜீன்ஸ் அதைவிட இருள். கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

தோடர் பூத்தையலைப் பாருங்கள், 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். தரை வெளிர், இரண்டு நூலும் இருள். அதனால்தான் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கோலம் தெளிவாகத் தெரிகிறது. என் பரிந்துரை 'வெளிர்மை'.

கூடலூர், பள்ளி ஆசிரியை (செவ்வாய் இரவு)

வெளிறு வேண்டாம் ஐயா, தயவுசெய்து. குறள் 503-இல் வெளிறு என்றால் அறியாமை. அரிய நூல் கற்றவரிடமும் ஆராய்ந்தால் வெளிறு இல்லாமலிருப்பது அரிது என்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்துவிட்டு அம்மாவின் கையேட்டைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

ஒட்டுப்போர்வையிலும் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருப்பது 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தல். துன்னல் என்றால் தையல், சிலப்பதிகாரத்தில் தையல்காரர் துன்னகாரர். 'துன்னற்போர்வை' என்றால் எவ்வளவு அழகு! சரி, அது முடிந்த கதை என்பீர்கள்.

ஊட்டி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் (புதன் காலை)

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது? வெளுத்தல்தான் அடிப்படைப் பொருள், அறியாமை அதன் நீட்சி. 'வெளிர்மை'யில்தான் எனக்கு ஐயம். மை விகுதி பண்படியோடு சேரும்: பசுமை, செம்மை. வெளிர் வினையடி. 'வெளிர்வு' என்றாவது இருக்கட்டும்.

குன்னூர், அச்சு வடிவமைப்பு (புதன் காலை)

ஐயா, பொறுமை, தாழ்மை எல்லாம் வினையடியோடு சேர்ந்தவைதானே?

கோத்தகிரி, தையல் வகுப்பு (புதன் மாலை)

எல்லாச் சொல்லையும் இன்று வகுப்புக்குக் கொண்டுபோனேன். மூன்று மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தேயிலையின் பச்சை போய்விட்டது, எதிர்வீட்டு ஓட்டின் சிவப்பும் போய்விட்டது. செடி இருளாக, பாதை வெளிராக, ஓடு இரண்டுக்கும் நடுவில். "இப்போ கலர் தெரியலை இல்லையா? ஆனாலும் எது எதுன்னு தெரியுதே, அதுதான்" என்றேன். உடனே புரிந்தது. பட்டுத் துண்டை முதலில் வைத்த அதே அக்கா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதினாறு துண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டார். பட்டு நடுவில் போய்விட்டது.

'வெளிர்மை' என்றதும் ஒருவர் கேட்டார்: "கருநீலத்துக்கு ஏது டீச்சர் வெளிர்மை?" நல்ல கேள்வி. நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "குட்டைப் பிள்ளைக்கும் உயரம் இத்தனைன்னு அளக்கிறோமே!" நீளம், கனம், உயரம் எல்லாவற்றையும் தமிழ் கூடுதலான பக்கத்தை வைத்துத்தான் அழைக்கிறது. எனக்கு இது போதும். வெளிர்மை என்றே போடுகிறேன், முதல் தடவை மட்டும் பக்கத்தில் லைட், டார்க் என்றும் இருக்கும். 'கருநீலம்' எல்லா இடத்திலும் இடையின ர-தான், 'கறுப்பு' வல்லின ற. இதைத் தயவுசெய்து இன்று யாரும் திறக்க வேண்டாம்.

குன்னூர், தையல்கடை (புதன் இரவு)

சரி டீச்சர். கடையில் நான் லைட், டார்க்தான் சொல்வேன். புத்தகத்தில் வெளிர்மை இருக்கட்டும்.

ஊட்டி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் (வியாழன் காலை)

அச்சுக்குப் போயிருக்கும். பெரும்பான்மையை ஏற்கிறேன், வெளிறைக் கைவிடவில்லை. துன்னற்போர்வையைப் பற்றிக் கூடலூர் அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன், அதில் அவர் பக்கம்தான் நான். அந்தப் பன்னிரண்டு கட்டத்தை என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் பட்டை கொடுத்தால் காப்பாற்றலாமா?