காலையில் 26, ஐந்தாவது சுற்றில் 34

ஈப்போ, 1996 மாஸ்டா மியாட்டா

என் காரின் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் நான்கு டயருக்கும் காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். குடும்பக் காருக்கு 33 அடித்துப் பழகியவன் கண்ணுக்கு அது பஞ்சர் கணக்கு. ஒரு டன் எடைதான் உள்ள கார், அதற்கு அது போதும் என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

போன மாதம் சிப்பாங் கார் பந்தய ஓடுதளத்தில் ஒரு நாள். காலையில் வெயில் ஏறுவதற்குள் நிழலில் நிறுத்தி, நான்கிலும் சரியாக 26 வைத்தேன். ஐந்தாவது சுற்றிலேயே முன்பக்கம் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. உள்ளே வந்து அளந்தால் இடது முன் டயர் 34, வலது முன் டயர் 32. சிப்பாங்கில் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடுவோம். பாரம் பெரும்பாலும் இடது பக்கம்தான் சாயும். அதிகம் உழைக்கிற டயர் அதிகம் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று முட்டுகிறது. சரி என்று முன் இரண்டிலும் 29 வரும்வரை இறக்கிவிட்டேன். அப்புறம் கார் சொன்ன பேச்சு கேட்டது.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. சாயங்காலம் அப்படியே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மழை கொட்டியது. தண்ணீர் தேங்கிய இடங்களில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், டயர் தரையில் இல்லை என்பது கையில் தெரியும். 80க்கு மேல் போகத் துணிவில்லை. மறுநாள் காலை வீட்டில் அளந்தேன்: இடது முன் 22, வலது முன் 23. சூட்டில் இரண்டும் ஒரே 29. ஆறியதும் ஆளுக்கொரு கணக்கு. இறக்கியது தப்பில்லை, கிளம்புமுன் திரும்ப அடிக்காமல் விட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

லண்டன், 996 வகை போர்ஷே 911

அண்ணா, உங்களுக்குச் சூட்டால் வந்த வினை, எனக்குக் கராஜால். என் காரின் 18 அங்குலச் சில்லுக்கு முன் ரயர் 36, பின் ரயர் 44. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால்தான் இந்த 8 வித்தியாசம். ஒருமுறை சேர்விசுக்கு விட்டு எடுத்தேன். வடிவாகக் கழுவி, நான்கு ரயருக்கும் 36 அடித்துத் தந்திருக்கிறார்கள், நானும் பார்க்கவில்லை. அன்று தூறல் வேறு. சுற்றுவட்டத்தில் பாதி வளைவில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பின்பக்கம் என்னை முந்திப் போகப் பார்த்தது. எப்படியோ நிமிர்த்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மனுசி வீடு வரும்வரை கதைக்கவில்லை.

1959இல் விற்பனைக்கு வந்த ஷெவ்ரலே கோர்வேருக்கும் எஞ்சின் பின்னால்தான். முன் ரயருக்கு 15, பின் ரயருக்கு 26 என்று கம்பெனியே சொன்னது. 15 என்றால் யார் நம்புவார்? நான்குக்கும் ஒரே அளவு அடித்தவர்கள் கனபேர். வால் சுழல்கிற கார் என்று அதன் பெயர் கெட்டதில் இதற்கும் பங்கு உண்டு.

சென்னை, போர்ஷே கேமன்

லண்டன் நண்பருக்குக் கராஜ் என்றால் எனக்குப் பெட்ரோல் பங்க். காற்றடிக்கும் தம்பி குனிந்து டயரைப் படித்துவிட்டு, “சார், 51 வரைக்கும் போடலாம்னு இதுலயே எழுதியிருக்கே” என்றார். அது டயர் தாங்கும் உச்ச அளவு, இந்தக் காருக்கான அளவு இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் மூன்று ஆட்டோ ஹாரன். பங்க் போய்ச் சேர்வதற்குள்ளேயே டயர் சூடாகிவிடும் என்பது இன்னொரு தொல்லை. இப்போதெல்லாம் காலையில் வீட்டிலேயே அளந்து, எந்த டயரில் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் அங்கே கூட்டச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஊட்டிக்குக் கிளம்பியபோது, “மலையில் வெளிக்காற்று குறைவு, டயர் உப்பிக்கொள்ளும், இறக்கிவிட்டுப் போ” என்று மச்சான் அடித்துச் சொன்னார். இறக்கவில்லை. சென்னையில் 35 டிகிரியில் முன் டயர் 32. மறுநாள் காலை ஊட்டியில் 12 டிகிரி, கேஜை வைத்தால் அதே 32! உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மூன்றரை பி.எஸ்.ஐ. போலக் குறைகிறது, அதனால் கேஜ் அவ்வளவு ஏற வேண்டும். 23 டிகிரி குளிர் அதே மூன்றரையை இறக்கிவிடுகிறது. மச்சான் சொன்னதில் பாதி சரி என்று அவரிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணம், சாதாரண கார்தான்

நைட்ரஜன் அடித்தால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லையாமே?

ஈப்போ, 1996 மியாட்டா

தம்பி, நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனியாக அடித்தால் உள்ளே ஈரம் இருக்காது, அது ஒரு லாபம். ஆனால் சூடானால் அதுவும் ஏறத்தான் செய்யும். காசை மிச்சப்படுத்தி நல்ல கேஜ் ஒன்று வாங்குங்கள்.

சென்னை நண்பர் கணக்கைப் பார்த்ததும் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மறுநாள் காலை வீட்டில் அளந்த 22, 23 இருக்கிறதே, அதுதான் இப்போது சிப்பாங்கில் என் முன் டயர்களின் தொடக்க அளவு. முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போனால் இரண்டும் ஏறி 29க்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அளவு சரியா என்று தெரிய, டயரின் தோள்பட்டையில், அதாவது தரையைத் தொடும் பகுதி முடியும் ஓரத்தில், சாக்பீஸால் கோடு போட்டு, ஓடியபின் எதுவரை அழிந்திருக்கிறது என்றும் பார்க்கிறேன். சாயங்காலம் மீ கோரெங் சாப்பிட்டு முடிப்பதற்குள் டயர் ஓரளவு ஆறிவிடும். அப்போது சிகரெட் லைட்டரில் செருகும் குட்டி கம்ப்ரஸரால் 28க்கு ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவது.

மழையில் ஓடினால் டயர் இவ்வளவு சூடாகாதே, அன்றைக்கு எவ்வளவு வைத்துத் தொடங்குவது? ஈர ஓடுதளத்தில் ஓடியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.