லெட்டோ-ஃபோர்பெக்: தாங்காவில் ஜெயித்தவர் ஏன் கெரில்லாப் போருக்கு இறங்கினார்?

வரைபடப்பித்தன் (கேள்வி)

முதல் உலகப் போரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் (பெரும்பகுதி இன்றைய தான்சானியா) படை நடத்திய பவுல் ஃபொன் லெட்டோ-ஃபோர்பெக் பற்றிச் சில சந்தேகங்கள்.

1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் சுமார் 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையை ஏறக்குறைய 1,000 பேரை வைத்துக்கொண்டு விரட்டினார். அடுத்த சில மாதங்களிலேயே ரயில் தண்டவாளத்துக்கு வெடி வைக்கிற வேலையில் இறங்கிவிட்டார். ஏன்? கடல் வழி அடைபட்டிருந்த நாலு வருஷமும் தோட்டா எங்கிருந்து வந்தது? தாங்காவில் ஓடியது பாளையங்கோட்டை ரெஜிமெண்ட் என்று போகிறபோக்கில் எழுதிவிடுகிறார்களே, அது சரியா? 'தோற்காத தளபதி' என்ற பட்டத்தையும் அப்படியே நம்பலாமா?

கரிமருந்து

மாறியதற்குக் காரணம் தாங்கா இல்லை, ஜாசின். 1915 ஜனவரி 18, 19 தேதிகளில் எல்லையோரத்து ஜாசின் காவல் நிலையை முற்றுகையிட்டுப் பிடித்தார். ஜெயித்ததும் அவர்தான். ஆனால் அந்த இரண்டு நாளில் செலவான தோட்டா 2,00,000. அனுபவசாலி அதிகாரிகள் பலரும் செத்தார்கள், அந்த இடத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஆள் வர வழியே இல்லை. கையிருப்பை வைத்துப் பார்த்தால் இந்த மாதிரிச் சண்டை இன்னும் மூன்றுதான் போட முடியும் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அவர் பயிற்சியும் புத்தியும் நேரடிச் சண்டைக்கானவை. கெரில்லா முறை தோட்டாக் கணக்கு அவர் தலையில் கட்டியது.

துப்பாக்கியிலும் சிக்கல். போர் தொடங்கியபோது அவரிடம் 14 கம்பெனி, ஏறக்குறைய 260 ஜெர்மானியர், 2,500 அஸ்காரிகள் (ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்). பெரும்பாலான கம்பெனிகள் வைத்திருந்தது 1871 மாடல் துப்பாக்கி, கரிமருந்துத் தோட்டா. ஒரு தடவை சுட்டாலே வெள்ளைப் புகை எழும்பிச் சுட்டவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தாங்காவில் கிடைத்த 455 நவீன துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் அவருக்கு வெற்றியைவிடப் பெரிய லாபம்.

எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷாரின் உகாண்டா ரயில்பாதையைத் தாக்கப் போனவை பத்துப் பேருக்கு உள்பட்ட சிறு ரோந்துகள். கிளிமஞ்சாரோவுக்கும் பாதைக்கும் நடுவே தண்ணீர் இல்லாத வறண்ட வெளி. எதிரி சுட்டுச் செத்தவர்கள் தவிர, தாகத்தில் விழுந்தவர்களும் வழி தவறியவர்களும் உண்டு. டைனமைட்டுக்குத் தட்டுப்பாடு இல்லை, தோட்டங்களில் நிறைய இருந்தது. பிரிட்டிஷார் எஞ்சினுக்கு முன்னால் மணல் ஏற்றிய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கினார்கள், வெடித்தால் அது மட்டும் போகட்டும் என்று.

வெளியிலிருந்து வந்தது இரண்டே கப்பல். 1915 ஏப்ரலில் டேனிஷ் கப்பல் வேஷத்தில் வந்த 'க்ரோன்போர்க்'கை 'ஹயசிந்த்' என்ற போர்க்கப்பல் துரத்தியது. மாலுமிகள் அதை மான்சா விரிகுடாவில் ஆழமில்லாத இடத்தில் தரைதட்டவிட்டு, மேல்தளத்தில் தீயும் மூட்டினார்கள். அழிந்துவிட்டது என்று நம்பி ஹயசிந்த் போய்விட்டது. பிறகு முக்குளித்து எடுத்த தோட்டாவெல்லாம் கடல்நீரில் ஊறியவை. ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தை உலர்த்தி, மறுபடி அடைத்தார்கள். அப்படியும் நிறைய வெடிக்காமல் போயின. மிஷின்கன் பட்டியில் வெடிக்காத தோட்டா ஒன்று வந்தாலே துப்பாக்கி நின்றுவிடும், ஆகவே தேறியதில் நல்லவை மிஷின்கன்னுக்கு. இரண்டாவது 'மரீ', 1916 மார்ச்சில் சூடி விரிகுடாவுக்கு வந்தது.

ருஃபிஜி கழிமுகத்தில் 1915 ஜூலை 11 அன்று முடிந்துபோன 'கோனிக்ஸ்பெர்க்' என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பத்து 10.5 செ.மீ. பீரங்கிகளையும் கழற்றி, சக்கரம் பூட்டித் தரைப்படைக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பிரமாதம். ஆனால் ஒன்றை நகர்த்த நூற்றுக்கணக்கான ஆள் வேண்டும், பின்வாங்கும்போது ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கவாத்து

பாளையங்கோட்டை விஷயத்துக்கு வருகிறேன். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி நவம்பர் 4 பிற்பகலில் நடுவரிசையில் கலைந்து ஓடியது உண்மை, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் முந்தின நாளே 13ஆம் ராஜபுத்திரர்களும் 61ஆம் பயனியர்களும் அடிவாங்கித் திரும்பியிருந்தார்கள். அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்வது சரியில்லை.

பெரிய தவறுகள் மேலே நடந்தவை. நவம்பர் 2 காலை 'ஃபாக்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் தலைவர் துறைமுகத்துக்குள் போய், உங்களோடு இருந்த சமாதான ஏற்பாடு ரத்து என்று முறைப்படி அறிவித்துவிட்டு வந்தார். திடீர்த் தாக்குதல் என்பது அதோடு போச்சு. அடுத்து, இல்லாத கண்ணிவெடிகளைத் தேடித் துழாவியதில் நேரம் போனது. அதற்குள் லெட்டோ மோஷியிலிருந்து உசம்பாரா ரயிலில் கம்பெனி கம்பெனியாக ஆளை இறக்கிக்கொண்டிருந்தார். தரையிறங்கியவர்களோ இரண்டு வாரத்துக்கும் மேல் கப்பலில் அடைந்து கிடந்தவர்கள். பிரிகேடுகள் அவசரத்தில் சேர்த்துக் கட்டியவை, தளபதிக்குப் படையைத் தெரியாது. சில பிரிவுகளுக்குக் கையில் இருந்த துப்பாக்கியே புதுசு. தளபதி எய்ட்கன் முன்கூட்டி வேவு பார்க்கவும் இல்லை.

அதே நாளில் காஷ்மீர் ரைபிள்ஸும் நார்த் லங்காஷயர் படையும் ஊருக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். இடது ஓரத்தில் 101ஆம் கிரனேடியர்கள் மிஷின்கன்னில் சிக்கி நாசமானார்கள். தேனீக் கூட்டம் கொட்டியதும் உண்மை, இரண்டு தரப்பையும் கொட்டியது. அதுதான் வெற்றியைத் தீர்மானித்தது என்பது பத்திரிகைக் கதை.

எனக்கு இதில் சுவாரசியமானது அன்றிரவு நடந்தது. கொம்பு ஊதலைத் தவறாகப் புரிந்துகொண்டு ஜெர்மன் கம்பெனிகளும் ஊருக்கு மேற்கே பின்வாங்கிவிட்டன. தாங்கா சில மணி நேரம் காலியாகக் கிடந்தது! எய்ட்கனுக்கு அது தெரியவில்லை. மறுநாள் தளவாடங்களைக் கரையிலேயே விட்டுக் கப்பல் ஏறினார்.

வரைபடப்பித்தன்

நன்றி. இன்னொன்று: கெரில்லாவாக மாறியவர் 1917 அக்டோபரில் மஹீவாவில் நாலு நாள் நின்று சண்டை போட்டிருக்கிறாரே?

கரிமருந்து

ஆமாம், சொன்னேனே, குணம் மாறவில்லை. அக்டோபர் 15 முதல் 18 வரை மஹீவாவில் பிரிட்டிஷ் தரப்பில் 4,900 பேரில் 2,700 பேர் சேதம், இவர் பக்கம் 500க்கு மேல். கணக்கில் பெரிய வெற்றி. ஆனால் அந்த 500 பேரை ஈடுகட்ட வழியில்லை, நவீன தோட்டாவும் தீர்ந்துவிட்டது. ஒரே மாதத்தில் நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் எதிரி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, நடக்க முடிந்தவர்களோடு தெற்கே கிளம்பினார்.

நவம்பர் 25 அன்று எல்லையான ரோவுமா ஆற்றைக் கடந்து போர்த்துகீசிய மொசாம்பிக்கில் ங்கோமானோவில் போர்த்துகீசியக் காவல்படையை அடித்தார். கிடைத்தது சுமார் 2,50,000 தோட்டா, நூற்றுக்கணக்கான துப்பாக்கி. அதன்பின் அவர் போர்முறையே அதுதான்: எந்தக் கிடங்கில் சரக்கு இருக்கிறதோ அங்கே போவது. 1918 ஜூலையில் நமகுரா அப்படித்தான். நவம்பர் 25, 1918இல் வட ரொடீஷியாவின் (இன்றைய ஜாம்பியா) அபர்கார்னில் ஆயுதத்தை ஒப்படைத்தபோது இருந்த 37 மிஷின்கன்னில் 7 மட்டுமே ஜெர்மன், மீதி 30 பிரிட்டிஷ். துப்பாக்கிகள் 1,071, எல்லாம் பிரிட்டிஷ், போர்த்துகீசியச் சரக்கு.

மூட்டைக்கணக்கு

'தோற்காத' பட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நான் சொல்கிறேன். 1916 செப்டம்பருக்குள் தாருஸ்ஸலாம், தபோரா இரண்டும் போயின, மத்திய ரயில்பாதையும் போனது. காலனியே கைவிட்டுப் போன பிறகு 'பிடிபடாதவர்' என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்க்க மூட்டைக்கணக்கு போதும். கால்நடைக்கு நோய் பரப்பும் செட்ஸி ஈ இருக்கும் இடத்தில் குதிரையும் மாடும் தங்காது, எல்லாம் மனிதத் தலைச்சுமை. ஒருவர் தூக்குவது 25 முதல் 30 கிலோ. அவருக்கே நாளுக்கு ஒரு கிலோ தானியம். பத்து நாள் போய்ப் பத்து நாள் திரும்பினால் 20 கிலோவை அவரே தின்றிருப்பார், முனையில் நிற்கும் சிப்பாய்க்குச் சேருவது மிச்சம் மட்டும். ஆகவே துரத்தும் படை பெருக்கப் பெருக்கச் சுமைகாரர்கள் பல மடங்கு பெருகினார்கள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் செத்த சுமைகாரர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி என்பதுதான் பரவலான மதிப்பீடு. பெரும்பாலும் வயிற்றுக்கடுப்பு, மலேரியா, பட்டினி. சிப்பாய்களுக்கும் இதே கதைதான்: 9ஆம் தென்னாப்பிரிக்கக் காலாட்படை 1916 பிப்ரவரியில் 1,135 பேர், அக்டோபரில் நிற்கத் தெம்புள்ளவர்கள் 116.

லெட்டோ பக்கம் நோய் ஓரளவு கட்டுக்குள் இருந்ததற்கு அமானி ஆராய்ச்சி நிலையம் காரணம், அங்கே சின்கோனாப் பட்டையிலிருந்து கொய்னா என்ற மலேரியா மருந்து தயாரித்தார்கள். அமானி கைவிட்டுப் போன பிறகு பட்டையை வேகவைத்த கசப்பு நீர்தான் மருந்து, ஆட்கள் அதை 'லெட்டோ சாராயம்' என்பார்கள். சாப்பாட்டுக்கு வழி வேறு: போகிற ஊரில் எடுத்துக்கொள்வது. இரண்டு படைகளும் மாறி மாறித் தானியத்தையும் மாட்டையும் ஆளையும் அள்ளிக்கொண்டு போனதில் டோடோமா பக்கம் கோகோ மக்களிடையே பெரும்பஞ்சம். இன்னொன்றும் சேர்த்துப் படிக்க வேண்டும்: இவர் 1904இல் ஹெரேரோ இனத்தை அழித்த ஃபொன் ட்ரோத்தாவின் கீழ் பணியாற்றியவர்.

கவாத்து

பதக்கத்தைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம், இங்கே இன்னும் யாரும் சொல்லவில்லை, ஆனால் யாராவது சொல்லிவிடுவார்கள். லெட்டோவுக்கு பூர் லெ மெரிட் (பிரஷ்யாவின் உயரிய ராணுவப் பதக்கம்) 1916 நவம்பரில் கிடைத்தது. அதன் மேல்படியான ஓக் இலை 1917 அக்டோபர் 10. மஹீவாவுக்காகக் கொடுத்தது என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், சண்டை தொடங்கியதே 15ஆம் தேதிதான்.