லெவலும் கதையும்: எங்கே ஒட்டுது, எங்கே ஒட்டலை? (மொரீஷியஸ் கேம் நண்பர்கள், அனுபவப் பகிர்வு)

கரும்பாலையை வைத்து கதையோடு ஒட்டும் ஒரு மேப் (லெவல், அதாவது கேமில் விளையாடும் இடம்) எப்படி அமைப்பது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தங்கள் ஊர்ப் பெயரில் எழுதும் நண்பர்களின் பதில்கள் இவை.

ரோஸ் ஹில்:
டார்க் சோல்ஸ் 2 (2014) என்ற கேம். எர்தன் பீக் என்ற காற்றாலையின் உச்சியில் பாஸை (அந்த இடத்தின் பெரிய எதிரியை) முடித்ததும் ஒரு லிப்ட் வரும். அதில் ஏறினால் எரிமலைக் குழம்புக்கு நடுவே இரும்புக்கோட்டை. ஆனால் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் காற்றாலைக்கு மேலே வெறும் வானம்தான்! இரண்டு இடமும் தனித்தனியே அருமை, பிசகு அந்த லிப்டில். விளையாடுபவர் கிழக்கு மேற்கை மறப்பார், மேல் கீழை மறக்கமாட்டார். மலைக்குள் நீளமாக ஒரு சுரங்கம் வைத்து, போகப்போகச் சுவரைச் சிவக்க வைத்திருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது.

கத்ர் போர்ன்:
ரெசிடென்ட் ஈவில் 2 கேமில் வரும் போலீஸ் ஸ்டேஷனையும் சேர்த்துக்குங்க அண்ணா. சிலையும் பஸிலும் (புதிரும்) அங்கே எதற்கு என்றால், அந்தக் கட்டடம் முன்பு மியூசியமாக இருந்ததாம். அது பாதி பதில்தான். சிலை வந்த கதை தெரிகிறது, ஆனால் டூட்டிக்கு வருகிற போலீஸ்காரர் தினமும் சிலையை நகர்த்தியா உள்ளே போவார்? 2019 ரீமேக்கில் 3 மெடாலியன் (பதக்கம்) பொருத்தினால் திறப்பது ரகசிய வழி. அது பொருந்துது. பஸிலை ஒளித்துவைக்கக் காரணமுள்ள இடத்தில் வைங்க, அன்றாட வழியில் வேண்டாம்.

த்ரியோலே:
கரும்பாலை மேப் கேட்ட தம்பிக்கு. முதலில் கரும்பு போகிற வழியை வரைங்க, எதிரிகளை அப்புறம் வைக்கலாம். லாரி இறக்கும் முற்றம், வெட்டும் கத்திகள், வரிசையாக உருளை மில்கள். அங்கிருந்து சாறு ஒரு பக்கம், சக்கை இன்னொரு பக்கம். சக்கை கன்வேயரில் கொதிகலனுக்குப் போகும், அதன் நீராவிதான் ஆலையை ஓட்டும். ஆகவே கொதிகலனின் புகைபோக்கியை மில் வீட்டிலிருந்து (உருளை மில்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து) தள்ளி, முற்றத்தின் மறுகோடியில் நட்டால் ஆலை தெரிந்தவர் உடனே பிடிப்பார். சாறு சூடேறி, சுண்ணாம்பு சேர்ந்து, தெளிந்து, ஆவியாக்கும் கலன்களில் வற்றி, வெற்றிடக் கலனில் சர்க்கரை மணி பிடித்து, மையவிலக்கியில் சுற்றி, கடைசியில் கிடங்குக்குப் போகும்.

ஆள் நடமாட்டமில்லாத ஆலை வேண்டுமா? பேயும் வேண்டாம், குண்டும் வேண்டாம். கூப் (கரும்பு வெட்டும் பருவம்) முடிந்த மாதங்களைக் காட்டுங்க. பராமரிப்புக்காக உருளைகளைத் தூக்கி வைத்திருப்பாங்க, கலன்களின் மூடி திறந்திருக்கும். ஊர்ந்து போகும் வழி கதைக்குள்ளேயே கிடைச்சாச்சு. கூப் நடுவில் அதே கலனுக்குள் ஆளை நுழைத்தால் வெந்துபோவார்.

ரோஸ் ஹில்:
அளவையும் சொல்லிடறேன். அன்ரியல் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் 1 யூனிட் 1 செ.மீ. கேரக்டர் இயல்பாகவே 45 செ.மீ. படி வரை ஏறும், அதை நம்பிப் பலரும் 35, 40 என்று படி கட்டுறாங்க. பார்த்தால் அரக்கர் வீடு மாதிரி இருக்கும். 17, 18 போதும். கேமரா கேரக்டருக்கு 3, 4 மீட்டர் பின்னால் நிற்பதால் அறையைப் பெரிதாக்கத்தான் வேணும், அப்போது சுவரை மட்டும் தள்ளுங்க. கைப்பிடிக் கம்பி 90–100, கதவுக் கைப்பிடி 100, நாற்காலி 45. இவற்றைத் தொடாதீங்க. மில் வீடு நிஜத்திலேயே பெரிது என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. இடம் போதாமல் போவது சாற்றைச் சோதிக்கும் ஆய்வக அறையில்தான்.

கத்ர் போர்ன்:
அந்த ஆய்வகத்துக்கு இரண்டு கதவு வைங்க தம்பி. சாற்று மாதிரி கொண்டுவருகிறவர் மில் பக்கமிருந்து வருவார், ஆபீஸ்காரர் முன்பக்கமிருந்து வருவார். சண்டையில் தப்பிக்கும் வழியும் அதுவே.