ஒமேகா ராணுவக் கைக்கடிகாரம்: டயலில் வட்டத்துக்குள் 'டி' இருந்தால் போலியா?

கேள்வி:
பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 நிறுவனங்கள் 1945-இல் வழங்கிய 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' (Watch, Wrist, Waterproof: நீர் புகாத கைக்கடிகாரம்) வகைக் கடிகாரங்களுள் ஒமேகா ஒன்று விலைக்கு வந்துள்ளது. எதுவும் மாற்றப்படவில்லை என்று விற்பவர் உறுதி கூறுகிறார். ஆனால், டயலில் பிரிட்டிஷ் அரசு உடைமையைக் காட்டும் அம்புக்குறியோடு வட்டத்துக்குள் 'டி' என்ற எழுத்தும் உள்ளது. அது இருட்டில் ஒளிரும் பூச்சில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட கதிரியக்கப் பொருளான டிரிடியத்தைக் குறிக்கும் என்றால், 1945-ஆம் ஆண்டு டயலில் அதற்கு என்ன வேலை?

பதில் 1:
தங்கள் ஐயம் நியாயமானதே; ஆயினும் அதை வைத்து மட்டும் போலி என்று தள்ளிவிட வேண்டாம். தொடக்கத்தில் ஒளிர்வதற்காகப் பூசப்பட்டது ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகமே பல கடிகாரங்களின் டயலைக் கழற்றிவிட்டு டிரிடியம் பூசிய டயலைப் பொருத்தியது. ஆகவே டயல் உண்மையான ராணுவ டயலாகவே இருக்கலாம். 'எதுவும் மாற்றப்படவில்லை' என்ற பேச்சுதான் பொய். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

பதில் 2:
டயலைவிடப் பின்மூடியே அதிகம் காட்டிக்கொடுக்கும். மூன்று 'டபிள்யூ', அம்புக்குறி, 'ஒய்' என்று தொடங்கும் ராணுவ எண் ஆகியவை ஒமேகாவில் இருக்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: மூடியின் பரப்பு பல ஆண்டுத் தேய்மானத்தால் மழுங்கியிருக்க, எழுத்துகளின் விளிம்பு மட்டும் கூர்மையாகப் பளபளத்தால், அது அண்மையில் வெட்டப்பட்ட எழுத்து. உள்ளே ஒமேகாவின் 30டி2 மூவ்மென்ட் (கடிகாரத்தை ஓட்டும் இயந்திரம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியைத் திறந்த படத்தைத் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

பதில் 3:
பூச்சைச் சோதிக்க ஒரு கைவிளக்கு போதும். டிரிடியத்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 12.3 ஆண்டுகள் என்பதால், 1960-களின் பூச்சு இருட்டில் தானாக ஒளிர வாய்ப்பில்லை. விளக்கைக் காட்டி அணைத்தாலும் சற்று மினுங்கி விரைவில் மங்கிவிடும். நெடுநேரம் பச்சையாக ஒளிர்ந்தால், அது புதுப் பூச்சு. முட்களையும் எண்களையும் தனித்தனியே கவனியுங்கள். ஒன்று ஒளிர்ந்து மற்றொன்று ஒளிராமல் இருப்பது அடிக்கடி காணக்கூடியது. முட்களில் பழைய ரேடியம் எஞ்சியிருக்கவும் கூடும். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். எனவே கடிகாரத்தை வீட்டில் பிரித்து அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் கலந்தால் கேடு.

கேட்டவர்:
நன்றி. பின்மூடியின் அண்மைப் படத்தையும் மூவ்மென்டின் படத்தையும் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.